இறைச்சி மண்டபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

போன சனிக்கிழமை, சிட்னியில் நம்மவர்கள் நிறைந்த வென்ட்வேர்த்வில்லில் இடியப்பம் வாங்க வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற ஒரு வாசகர் தோளில் தட்டினார்.

"அண்ணை, நோர்வேக்குப் போட்டு வந்தனீங்களாம். பேப்பரில ஒரு பத்தியும் காணேல்லை? எழுத ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சது... எழுதுவம், எழுதுவம்" என்று இழுத்துவிட்டு இடியப்பப் பார்சலோடு நழுவினேன்.

கிடைக்காமல் என்ன? கிடைத்தது. ஆனால் அதில் என் மானம் கப்பலேறுகிற பகுதி கொஞ்சம் அதிகம். அதனால்தான் மூன்று கிழமையாக சிட்னி ரயில், சிட்னிக் குளிர், பக்கத்து வீட்டு நாய் என்று எதையெதையோ எழுதி ஒப்பேற்றினேன். நீங்கள் விடுவதாக இல்லை. சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

என் மனைவி வசந்திக்கு ஒரே ஒரு தம்பி — குமார். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டு, எங்கெங்கோ அலைந்து, நோர்வேயில் கரையேறினவன். வடக்கே மீன் ஃபாக்டரியில் பல வருஷம் மீன் வெட்டினான். இப்போது பேர்கன் என்ற துறைமுக நகரத்தில் இருக்கிறான். "அக்கா, ஒருக்கா வாங்கோ" என்று அவன் பல வருஷமாகக் கேட்டு, இந்த ஜூன் மாதம்தான் எங்களுக்குப் போக வாய்த்தது.

புறப்பட முதல் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். ஒடியல் மா. இரண்டு கிலோ. என்னத்துக்கு என்று சொல்லவில்லை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா அது. அதை ஒஸ்லோ விமான நிலைய அதிகாரி ஒருவருக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த நான் பட்ட பாட்டைத் தனியாக ஒரு பத்தி எழுதலாம்.

குமார் வேலை செய்வது துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய மண்டபத்தில். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட செங்கல் கட்டடம். நகரத்துக்கு இறைச்சி விற்கவென்றே அந்தக் காலத்தில் கட்டினார்களாம். இப்போது உள்ளே சீஸ், மீன், கோப்பி, சூப் என்று சின்னச் சின்னக் கடைகள். அதில் சிக்ரிட் என்ற நோர்வேஜியப் பெண்மணியின் சூப் கடையில் குமாருக்குப் பதினொரு வருஷ வேலை. மீனைச் சுத்தம் செய்வது, வெட்டுவது, பானை கழுவுவது எல்லாம் குமார். அடுப்படியில் நிற்பது சிக்ரிட் மட்டும்.

போய் இறங்கிய மூன்றாம் நாள் குமார் சொன்னான்:

"அத்தான், நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வாங்கோ. கட்டாயம். பன்னிரண்டு மணி, என்ன?"

ஏன் என்று கேட்டேன். சிரித்தான். "வாங்கோவன். சொல்லுறன்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன் என்பதுதான் சரி. கிழமைக்குக் கிழமை பத்தி எழுதுகிறவன் நான். சாப்பாட்டைப் பற்றி மட்டுமே எத்தனை எழுதியிருப்பேன்! அத்தானைத் தன் முதலாளிக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறான், பாவம். உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு சின்ன உரை தயாரித்தேன். "ஃபூட் இஸ் மெமரி" என்று தொடங்கியது அது. நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன்.

அடுத்த கேள்வி — பன்னிரண்டு மணி என்றால் எத்தனை மணி?

சிரிக்காதீர்கள். நீங்களும் இப்படித்தான். வென்ட்வேர்த்வில்லில் பிறந்தநாள் பார்ட்டிக்கு ஆறு மணி என்று கார்ட் வந்தால் எத்தனை மணிக்குப் போவீர்கள்? ஆறு மணிக்குப் போனால் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருப்பார். ஏழரைக்குப் போனால் மரியாதை. பன்னிரண்டுக்கு ஒன்றரை என்று கணக்குப் போட்டேன். சிட்னி ரயில்களுக்கு நேர அட்டவணை போடுகிற வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

"அவன் பன்னிரண்டு எண்டு ரெண்டு தரம் சொன்னவன்" என்றாள் வசந்தி.

"எங்கட ஆக்களின்ர பன்னிரண்டு எனக்குத் தெரியாதே? அவதிப்படாதை."

பழைய மரவீடுகளைப் படமெடுத்தேன். மீன் சந்தையைப் படமெடுத்தேன். மழையையும் படமெடுத்தேன். பேர்கனில் மழை என்பது வந்து போகிற விஷயம் இல்லை, அங்கேயே குடியிருக்கிறது. சிட்னியிலிருந்து கொண்டுபோன குடை முதல் காற்றிலேயே மறுபக்கம் திரும்பிவிட்டது. "எனக்கு மேப் தேவையில்லை" என்று சொல்லி மலைப்பக்கமாக நடந்தேன். துறைமுகம் பள்ளத்தில்தான் இருக்கும் என்பது வசந்திக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

ஒருவழியாக மண்டபத்துக்குள் நுழைந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. அப்போதாவது நேரே போனேனா? வாசலில் ஒரு சீஸ் கடை. தட்டில் மண்ணிறத்தில், பளபளப்பாக, சதுரமாக வெட்டிய துண்டுகள். தொதல்! எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் அல்வா, நோர்வேயில்! பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து முழுதாக வாயில் போட்டேன். அது தொதல் இல்லை. ஆட்டுப்பாலில் செய்த சீஸ். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது, கடைக்காரப் பெண் வேறு ஆவலோடு என் முகத்தையே பார்க்கிறாள். "வெரி நைஸ்" என்று சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் பிடித்தது.

குமாரின் கடை கடைசியில் இருந்தது. வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு பெரிய பானைக்குப் பக்கத்தில் நின்றான். பானை மூடியிருந்தது. பின்னால் இருந்த கரும்பலகையைத் துணி போட்டு மறைத்திருந்தார்கள். சிக்ரிட் கையைக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இவ்வளவு நேரம்?" என்றான் குமார். "பன்னிரண்டில இருந்து நிக்கிறன்."

நான் தொண்டையைச் செருமி, நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். "குமார், நான் ஒரு சின்ன உரை..."

"என்ன உரை அத்தான்?"

"நான் பத்தி எழுதுறனான் எல்லோ. அதுதான் உன்ர முதலாளிக்கு..."

"நீங்கள் எழுதுறனீங்களே?" என்றான் குமார், உண்மையான ஆச்சரியத்தோடு.

நோட்டுப் புத்தகத்தை மெதுவாகப் பொக்கெற்றுக்குள் வைத்தேன்.

விஷயம் இதுதான். குமார் வீட்டில் கூழ் காய்ச்சி ஒரு நாள் சிக்ரிட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். யாழ்ப்பாணத்துக் கூழ். தமிழ்நாட்டு வாசகர்கள் கேழ்வரகை நினைக்க வேண்டாம் — இது மீன், இறால், நண்டு எல்லாம் போட்டு, புளியும் மிளகாயும் சேர்த்து, ஒடியல் மாவில் தடிப்பாக்குகிற சமாச்சாரம். சிக்ரிட் இரண்டு கிண்ணம் குடித்தாராம். பிறகு சொன்னாராம், "ஒரு நாள் தருகிறேன். விற்றுப் பார்."

அந்த ஒரு நாள்தான் இன்று.

"நாலு மணிக்குள்ள இந்தப் பானை முடிஞ்சால் இனி ஒவ்வொரு கிழமையும் என்ர கூழ் போர்ட்டில இருக்கும். அடுப்பிலயும் நான்தான் நிப்பன். முடியாட்டி இதோட சரி. பதினொரு வருஷமாய்ப் பானை கழுவுறன் அத்தான். இன்னொரு தரம் கேக்க ஏலாது."

"சரி, எவ்வளவு வித்திட்டாய்?"

"ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லையோ? ஏன்?"

என்னைப் பார்த்த பார்வையில், இது என்ன கேள்வி என்று இருந்தது. "அக்கா முதல் வாய் வைக்காமல் எப்பிடி விக்கிறது?"

முப்பத்தைந்து வருஷமாக நோர்வேயில் இருக்கிறவன். நித்திரையில் நோர்வேஜிய மொழியில் புலம்புகிறவன். நல்ல காரியத்தை அக்கா கையால் தொடங்க வேண்டும் என்று, மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் பானையை மூடி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். எத்தனையோ பேர் வந்து மணத்தை மோந்து கேட்டார்களாம். "ஃபமிலி வருகுது, ஃபமிலி வருகுது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினானாம். அந்த ஃபமிலி மலைப்பக்கமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தது.

குமார் கிண்ணத்தில் கூழ் வார்த்து அக்கா முன்னால் வைத்தான். வசந்தி கரண்டியை எடுத்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா?"

குமாரின் முகம் மாறியது. "ஐயோ... இண்டைக்கு வெள்ளி எல்லோ!"

வெள்ளிக்கிழமை! இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு வசந்தியின் வெள்ளிக்கிழமை நன்றாகத் தெரியும். எத்தனை தடவை கிண்டலடித்திருக்கிறேன்! வெள்ளி வந்தால் எங்கள் வீட்டில் மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை. பருப்புக்கறி, பூசணிக்காய், அப்பளம். "வெள்ளிக்கிழமைப் பருப்பு" என்று நான் எழுதிய பத்திக்குத்தான் இதுவரை ஆகக்கூடிய பாராட்டு வந்தது. அவள் ஒரு வெள்ளியைக்கூட விட்டதில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் விடவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. சிக்ரிட் நாள் சொன்ன சந்தோஷத்தில கிழமையைப் பாக்கேல்லை" என்றான் குமார். அழுதுவிடுவான் போலிருந்தது.

சிக்ரிட் கடிகாரத்தைக் காட்டினார். இரண்டு இருபது.

இப்படியான நேரத்தில்தான் என் மூளை வேலை செய்யும். செய்யாமல் இருந்திருக்கலாம்.

"நில்லுங்கோ!" என்றேன். "நாங்கள் ஆர்? சிட்னிக்காரர். எங்கட கோயில் சிட்னியில, சாமி அறை சிட்னியில. அப்ப எங்கட வெள்ளிக்கிழமையும் சிட்னி நேரத்துக்குத்தானே? பத்து மணித்தியாலம் கூட்டுங்கோ. இப்ப வென்ட்வேர்த்வில்லில நேரம் என்ன? இரவு பன்னிரண்டு இருபது. சனிக்கிழமை! வசந்தி, உனக்கு வெள்ளி முடிஞ்சுது!"

குமாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வசந்தியின் முகத்தில் வரவில்லை. ஆகவே முன்மாதிரி காட்டுவோம் என்று, அவளுடைய கிண்ணத்திலேயே கரண்டியை விட்டு ஒரு வாய் எடுத்து விழுங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, அருமையான கூழ்.

வசந்தி அமைதியாகப் போனை எடுத்து, சிட்னியில் இருக்கிற மகளுக்கு ஒரு வரி அனுப்பினாள். மகள் உடனே வாய்ஸ் மெசேஜ் போட்டாள். வசந்தி அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டாள்.

"அம்மா, இட்ஸ் ஸ்டில் ஃப்ரைடே. டென் ட்வென்டி பி.எம். டேலைட் சேவிங் எல்லாம் மாறிட்டுது, இப்ப எய்ட் அவர்ஸ்தான். டிட் அப்பா டூ தி மாத்ஸ்?"

ஜனவரியில் குமாருக்குப் போன் எடுத்தபோது பத்து மணித்தியால வித்தியாசம். அதையே தலையில் வைத்திருந்தேன். அங்கே கோடைக்கு மணிக்கூட்டைத் திருப்பினார்கள், இங்கே குளிருக்குத் திருப்பினோம். முப்பது வருஷம் நேர அட்டவணை போட்டவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. வெள்ளிக்கிழமை, மீன் கூழ், தொண்டைக்குக் கீழே இறங்கிவிட்டது.

"அப்ப அக்கா, நான் பானையை எடுத்து வைக்கிறன்" என்றான் குமார். "பரவாயில்லை. பிறகு ஒருக்காப் பாப்பம்."

பிறகு என்று ஒன்று இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"எடுக்காதை" என்றாள் வசந்தி. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "இஞ்சயும் வெள்ளிதான். அங்கயும் வெள்ளிதான். நான் ஏன் வெள்ளி விரதம் பிடிக்கிறன் எண்டு உனக்குத் தெரியுமே?"

குமார் இல்லை என்று தலையாட்டினான். எனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ வெளிக்கிட்டுப் போய் ஏழு மாசம். ஒரு கடிதம் இல்லை, ஒரு தகவல் இல்லை. அப்ப பிள்ளையாருக்கு நேந்து பிடிக்கத் தொடங்கினது. நீ உயிரோட ஒரு கரையில போய்ச் சேர வேணும், உனக்கெண்டு ஒரு வேலை, ஒரு இடம் கிடைக்க வேணும் எண்டு. இந்தப் பானையைப் பாக்கத்தானேடா இவ்வளவு வெள்ளியும்."

சொல்லிவிட்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். பிறகு இன்னொன்று. கடைசித் துளிவரை குடித்தாள். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: "உப்பு ஒரு சொட்டுக் குறைவு. இப்ப துணியை எடு."

குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டே துணியை இழுத்தான். சிக்ரிட்டுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அவரும் மூக்கைத் துடைத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்தில் தரை பிளந்தால் இறங்கியிருப்பேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். ஒவ்வொரு வெள்ளியும் எதிரே இருந்து அந்தப் பருப்பைச் சாப்பிட்டவன். அதை வைத்து ஊரைச் சிரிக்க வைத்துப் பெயர் வாங்கியவன்.

வெட்கத்தில் ஒரு நன்மை, அது ஆளை வேலை செய்ய வைக்கும். உடைந்த குடையோடு வாசலுக்குப் போனேன். கப்பலில் வந்த உல்லாசப் பயணிகள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அதில் ஓர் இளம் தம்பதி தமிழில் பேசுவது கேட்டது. பாய்ந்து போனேன்.

"தம்பி, எந்த ஊர்?"

"மெல்பர்ன் சார். பொயிண்ட் குக். சொந்த ஊர் திருச்சி."

"அப்ப எங்கட ஆக்கள்! உள்ளுக்கு வாங்கோ, அருமையான மீன் கூழ் இருக்கு."

"ஐயோ, இன்னைக்கு வெள்ளிக்கிழமை சார். நாங்க நான்-வெஜ் சாப்பிட மாட்டோம்."

வாயைத் திறந்தேன்... மூடிக்கொண்டேன். நேர வித்தியாசத்தைப் பற்றி அன்று நான் மேற்கொண்டு எதுவும் பேசுவதாக இல்லை. ஆனால் நல்ல பிள்ளைகள். கூட வந்த நாலைந்து வெள்ளைக்காரரிடம் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். ஈரத்தோடு வந்தவர்களுக்குச் சுடச்சுடக் கூழ். மூக்கில் நீர் வழிய, முகம் சிவக்கச் சிவக்கக் குடித்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். நான் வாசலில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறந்த ஆங்கில உரை, "ஹொட் சூப், திஸ் வே" என்பதுதான்.

நாலு மணி. சிக்ரிட் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார். முடியவில்லை. அடியில் நாலு கிண்ணத்துக்கு இருந்தது. குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

சிக்ரிட் ஒரு கிண்ணத்தை எடுத்துத் தானே வார்த்தார். நின்றபடியே குடித்தார். மிச்சத்தைப் பக்கத்துக் கடைக்காரருக்கு அனுப்பினார். பிறகு சோக்கை எடுத்துக் கரும்பலகையில், கூழ் என்ற பெயருக்குப் பக்கத்தில், ஒரு சொல் எழுதினார். குமாரிடம் என்னவோ சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டாள் வசந்தி.

குமாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வெள்ளிக்கிழமை எண்டு எழுதியிருக்கிறா. ஒவ்வொரு வெள்ளியும் காய்ச்சட்டாம். ஆனா இனி ஃபமிலியைக் கூப்பிட்டால் காலமை பத்து மணிக்கு வரச் சொல்லட்டாம்."

திரும்பி நடக்கும்போது மழை சற்று விட்டிருந்தது. வசந்தியிடம் கேட்டேன், "அவன் வந்து சேர்ந்து எத்தினை வருஷம்? பிறகும் ஏன் வெள்ளி பிடிக்கிறாய்?"

"கேட்டது கிடைச்ச உடன நிப்பாட்டினால் அது என்ன மரியாதை?"

"இதை ஏன் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?"

அவள் நிற்கவில்லை. கோபமும் இல்லை. "நீங்கள் எப்ப கேட்டனீங்கள்? எழுதத்தானே செய்தனீங்கள்."

வீட்டில் அலுக்காமல் ஒன்றைச் செய்கிற ஆள் ஒருவர் உங்களுக்கும் இருப்பார். கிண்டலடிக்க முதல் ஒரு தடவை ஏன் என்று கேட்டுவிடுங்கள். முப்பத்தொரு வருஷம் பிந்தி நான் தருகிற புத்திமதி இது.

மறுநாள் மத்தியானம் குமார் வீட்டில் மீன் பொரிகிற மணம். பசியோடு மேசையில் போய் இருந்தேன். குமாருக்கு மீன் வந்தது. வசந்திக்கும் மீன் வந்தது. எனக்குப் பருப்புக்கறி வந்தது.

"இது என்ன? நீயும்தானே நேற்றுச் சாப்பிட்டனீ?"

"நான் வெள்ளி எண்டு தெரிஞ்சு சாப்பிட்டனான். அதை நானும் பிள்ளையாரும் பேசித் தீர்த்துக்கொள்ளுவம். நீங்கள் அவருக்கே மணிக்கூடு காட்டினனீங்கள்."

சிட்னியிலும் சனிக்கிழமை, பேர்கனிலும் சனிக்கிழமை. என் தட்டில் மட்டும் வெள்ளிக்கிழமை.